பதினோராவது அவதாரம்

நமது ஊர்களில் கொஞ்ச காலமாய் ஒரு புதுக் கவலை கிளம்பியிருக்கிறது. டைப் அடிக்கும் கடைக்காரர், மண்டியில் கணக்கெழுதுபவர், பள்ளிக்கூட ஆசிரியர், காலேஜில் படிக்கும் பிள்ளைகள் ஆகிய பலரும் ஒருவரையொருவர் கேட்டுக் கொள்ளுகிற கேள்வி என்னவென்றால், “கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விண்டோஸ் 10ஐ எடுத்து விட்டு 11ஐப் போட்டுக் கொள்ள வேண்டுமா, வேண்டாமா?” என்பதாகும். 2025ம் வருஷம் அக்டோபர் மாதம் 14ந் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது என்று அதை விற்கும் மைக்ரோசாப்ட் கம்பெனி சொல்லி விட்டது. அது முதற்கொண்டு இந்தத் தேதியைப் பற்றி ஜனங்கள் பேசுவதைக் கேட்டால், அமாவாசை, அஷ்டமி, கிரகணம் ஆகியவைகளைப் பற்றிப் பேசுவது போல இருக்கின்றதே ஒழிய, ஒரு யந்திரத்தைப் பற்றிப் பேசுவதாகவே தோன்றவில்லை.

இதில் இரண்டு கக்ஷி இருக்கிறது. “கம்பெனிக்காரனே முடிந்தது என்று சொல்லி விட்டான், இனி அதைத் தொடக் கூடாது, புதுக் கம்ப்யூட்டர் வாங்கி விட வேண்டியதுதான்” என்பது ஒரு கக்ஷி. “நேற்று ஓடினது, இன்று ஓடுகிறது, நாளைக்கும் ஓடும், எல்லாம் வியாபாரப் புரட்டு, தேதியாவது மண்ணாவது!” என்பது மற்றொரு கக்ஷி. முன்னவர்களைப் பயந்தவர்கள் என்றும் பின்னவர்களைத் துணிந்தவர்கள் என்றும் சிலர் நினைக்கலாம். நம்முடைய அபிப்பிராயம் அப்படியல்ல. இரண்டு பேரும் விசாரிக்காமல் முடிவு செய்தவர்களே ஆவார்கள். ஒருவர் பிறர் சொன்னதை நம்பினார். மற்றவர் தன் பழக்கத்தை நம்பினார். கேட்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை.

கிராமத்துத் தோழர்கள் பலர் நமது பத்திரிகையைப் பிறர் படிக்கக் கேட்பவர்கள் ஆனதால், இந்த விண்டோஸ் என்பது என்ன என்பதை முதலில் சொல்லி விடுகிறோம். கம்ப்யூட்டர் என்பது ஒரு யந்திரம். நாம் கடிதம் எழுதவோ, கணக்குப் போடவோ, பாங்கியில் பணம் கட்டவோ அதனிடம் போகிறோம். நமக்கும் யந்திரத்துக்கும் மத்தியில் நின்று கொண்டு, எந்த வேலை முன்னே, எந்த வேலை பின்னே, யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்றெல்லாம் பார்க்கிற காரியஸ்தன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ் என்பது அப்படிப்பட்ட காரியஸ்தரில் ஒருவன். லினக்ஸ் என்றும், மேக் என்றும் வேறு காரியஸ்தரும் உண்டு. நீங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் போனிலும் ஆண்ட்ராய்டு என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இவர்கள் எல்லோரும் மனிதர் எழுதி வைத்த கட்டளைகளின் மூட்டைகளே அல்லாமல் வேறல்ல. மனிதன் எழுதினது ஆனதால் தப்பிருக்கும். அந்தத் தப்புகளில் சில, திருடன் உள்ளே நுழையப் போதுமான ஓட்டையாக இருக்கும். ஓட்டை கண்டு பிடிக்கப்பட்டதும் அதை அடைக்க ஒரு ஒட்டு அனுப்புவார்கள். “ஆதரவு முடிந்தது” என்று சொன்னால் அந்த ஒட்டு இனி வராது என்று அர்த்தம். யந்திரம் நின்று விடும் என்று அர்த்தமல்ல. பழைய ஓட்டைகளெல்லாம் அன்றைக்கே திறந்து கொள்ளும் என்றும் அர்த்தமல்ல. அன்று முதல் புதிதாய்க் கண்டு பிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும் என்பதே அர்த்தம். இந்த ஒரு சங்கதி விளங்கினால் பாதிப் பயமும் போய் விடும், பாதி அலட்சியமும் போய் விடும்.

இனி கம்பெனியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

விண்டோஸ் 10 என்பது 2015ம் வருஷம் ஜூலை 29ந் தேதி வெளி வந்தது. அதற்கு முந்தியது 8. ஒன்பதாவது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவுமில்லை, கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதிலும் கிடைக்கவில்லை. அது வெளி வருவதற்கு இரண்டு மாதம் முன், மே மாதத்தில், அந்தக் கம்பெனியின் உத்தியோகஸ்தர் ஒருவர் ஒரு மகாநாட்டு மேடையில் நின்று, இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று சொன்னார். உலகமெல்லாம் அதை அச்சடித்தார்கள். இனிப் பதிப்பு மாறாது, இருப்பதையே திருத்திக் கொண்டே போவார்கள் என்று ஜனங்களும் நம்பினார்கள். ஆறு வருஷம் கழித்து 2021ம் வருஷம் அக்டோபர் 5ந் தேதி பதினொன்று வந்து சேர்ந்தது. புராணம் எழுதினவனுக்காவது பத்து அவதாரத்தோடு நிறுத்திக் கொள்ளுகிற கட்டுப்பாடு இருந்தது. இவர்களுக்கு அதுவுமில்லை!

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து வருஷ ஆயுள்தான் என்பதும், 2025 அக்டோபர் 14 என்ற தேதியும், அது வெளி வந்த காலத்திலேயே கம்பெனியின் கால அட்டவணையில் எழுதப்பட்டிருந்தவைதான். மேடையில் பேசினதை நம்பினவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கவில்லை. இது நமக்குப் புதிதா? பத்து வருஷ காலம் ஒட்டுப் போட்டுக் கொண்டு வந்ததும் சின்ன விஷயமல்ல. எந்தக் காலத்திலோ விற்ற சாமானுக்கு என்றென்றைக்கும் பழுது பார்த்துக் கொண்டே இரு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதை ஒப்புக் கொள்ளுகிறோம்.

நமது ஆட்சேபணை வேறு இடத்தில் இருக்கிறது. பதினொன்றைச் சும்மா தருகிறோம் என்றார்கள். ஆனால் எல்லோருக்கும் அல்ல. டி.பி.எம். 2.0 என்ற ஒரு பாதுகாப்புச் சில்லு யந்திரத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், இன்டெல் கம்பெனியின் மூளையாக இருந்தால் அது எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ ஆக இருக்க வேண்டும் என்றும் விதி போட்டார்கள். எட்டாம் தலைமுறை என்பது 2017ம் வருஷத்தில்தான் வர ஆரம்பித்தது. டி.பி.எம். என்பது சாவிகளைப் பூட்டி வைக்கும் சிறு பெட்டி. அதனால் நன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில்லு இருந்தும் மூளை ஏழாம் தலைமுறை என்ற ஒரே காரணத்தால் தள்ளப்பட்ட யந்திரங்கள் எத்தனையோ இருக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழாம் தலைமுறையிலும் சிலவற்றுக்குப் பின்னால் விதி விலக்குக் கொடுத்தார்கள். அப்படி விலக்குப் பெற்றவற்றில் ஒன்று, அந்தக் கம்பெனியே தன் சொந்தப் பெயரில் விற்ற சர்பேஸ் ஸ்டூடியோ 2 என்னும் கம்ப்யூட்டருக்குள் இருந்த மூளையாகும். ஊரார் வீட்டுப் பிள்ளைக்குத் தீட்டு, தன் வீட்டுப் பிள்ளைக்குப் பரிகாரம் என்றால் அதற்கு என்ன பெயர் சொல்லுவது?

இந்த விதியினால் எத்தனை கம்ப்யூட்டர்கள் தள்ளுபடியாகும் என்று கானலிஸ் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் 2023ல் ஒரு மதிப்புப் போட்டது. உலகத்தில் சுமார் 24 கோடி என்றது. இவைகளில் பெரும்பாலானவை ஓடுகிற யந்திரங்கள். ஓடுகிற யந்திரத்தைத் தூக்கியெறிந்தால் அது எங்கே போகும்? டில்லியில் சீலம்பூர் என்னும் பகுதியில் போய்ப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்களைக் கையினால் பிரித்து, கம்பியிலிருந்து செம்பு எடுத்து, அந்தப் புகையையும் அமிலத்தையும் தங்கள் நெஞ்சில் வாங்கிக் கொண்டு பிழைப்பவர்கள் ஏழைகளே ஆவார்கள்.

நிற்க. நமக்கு நேரே தெரிந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் தையல்காரத் தோழர் ஒருவருக்கு ஒரு பெண். பி.காம். கடைசி வருஷம் படிக்கிறவர். 2011ல் ஆரம்பிக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அந்தக் குடும்பத்துப் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த மடிக்கணினிதான் இப்போது தங்கைக்கும் உதவுகிறது. அந்த வீட்டில் முதன் முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுவே. அதில் விண்டோஸ் 10 ஓடிக் கொண்டிருந்தது. 2025 நவம்பரில் சாவித் தட்டு ஒன்று பழுதாகி ஒரு கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரர் சாவித் தட்டைப் பார்க்கவேயில்லை. “இதற்குக் காலம் முடிந்து போயிற்று அம்மா, இனி இது குப்பை. இதைத் திறந்தாலே வைரஸ் வந்து விடும். பழசுக்கு ஆயிரத்தைந்நூறு கொடுக்கிறேன், புதுசு எடுத்துக் கொள்ளுங்கள், தவணை வசதி இருக்கிறது” என்று சொல்லி விட்டார். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து, “அய்யா, அப்பாவுக்குத் தவணை கட்ட முடியாது. நான் படிப்பை எப்படி முடிப்பது?” என்று நம்மிடம் கேட்டார். ராகு காலத்தில் பெண் பார்க்கப் போனால் குடும்பம் அழிந்து விடும் என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவனுக்கும் இந்தக் கடைக்காரருக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. பரிகாரக்காரனுக்குச் சொல்ல ஒரு உண்மையும் கிடையாது. கடைக்காரரிடம் கால் பங்கு உண்மை இருந்தது. அதனாலேயே அது அதிக ஆபத்தானது.

அந்தக் கால் பங்கு உண்மை என்ன என்பதை அலட்சியக் கக்ஷியாருக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறோம்.

2017ம் வருஷம் மே மாதம் 12ந் தேதி வெள்ளிக்கிழமை. (வெள்ளிக்கிழமைக்கும் இதற்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை.) அன்று வானாக்ரை என்ற பெயருடைய ஒரு திருட்டுப் புரோகிராம் ஒரே நாளில் உலகம் முழுவதும் பரவிற்று. ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் அதிலுள்ள கணக்கு, கடிதம், படம் எல்லாவற்றையும் பூட்டி விட்டு, 300 டாலர் கொடுத்தால்தான் திறப்பேன், நாள் கடத்தினால் 600 டாலர் என்று திரையில் எழுதிக் காட்டும். நுழைந்த கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு யாரும் தொடாமலே தாவும். இங்கிலாந்தில் பொது வைத்திய இலாகாவின் 236 ஆஸ்பத்திரி அமைப்புகளில் 80க்குக் குறையாதவை இதனால் தடைப்பட்டன. நோயாளிகளுக்குக் குறித்து வைத்த வைத்திய நேரங்களில் சுமார் 19,000 ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. சில ஆஸ்பத்திரிகள் அவசர நோயாளிகளை வேறு ஊருக்குத் திருப்பி அனுப்பின.

இதிலே கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கிற ஒட்டு அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, மார்ச் மாதம் 14ந் தேதியே வெளியாகி விட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள். மாட்டினவைகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 யந்திரங்கள். அதாவது அன்றைக்கு ஆதரவு இருந்த பதிப்பு. ஆகவே “என்னுடையது ஆதரவுள்ள பதிப்பு” என்று சொல்லிக் கொண்டு ஒட்டைப் போடாமல் இருந்தவனை அந்த ஆதரவு காப்பாற்றவில்லை. “பின்னால் பார்த்துக் கொள்ளலாம்” என்ற பொத்தானை அமுக்கிக் கொண்டே போகிற தோழர்கள் இதை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொரு சங்கதியும் அதில் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய பதிப்புக்கு 2014 ஏப்ரல் 8ந் தேதியோடு ஆயுள் முடிந்தது, இனி ஒட்டே கிடையாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. வானாக்ரை வந்த மறு நாள், அதாவது மூன்று வருஷத்துக்கு முன் செத்ததாகச் சொல்லப்பட்ட அதே எக்ஸ்பிக்கும், கம்பெனி எல்லோருக்கும் ஒட்டு வெளியிட்டது. செத்தவன் வாயில் மருந்து ஊற்றினார்கள், அவனும் குடித்தான்! ஆகவே ஒரு பதிப்பின் “சாவு” என்பது இயற்கையாய் வருகிற சாவு அல்ல. கணக்குப் பார்த்துக் குறிக்கப்படுகிற சாவு. விண்டோஸ் 10 விஷயத்திலும் அப்படியே நடந்தது. முடியும் என்று தேதி குறித்த பிறகு, வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026ம் வருஷம் அக்டோபர் 13ந் தேதி வரை ஒட்டுக் கொடுப்பதாக அறிவித்தார்கள். 30 டாலர் கொடுக்கலாம். அல்லது கம்பெனியில் ஒரு கணக்கு வைத்துக் கொண்டு உங்கள் யந்திரத்தின் அமைப்புகளை அவர்களிடத்தில் நகல் வைக்கச் சம்மதித்தால் காசு வேண்டாம் என்றார்கள். காசு கேட்காதவன் வேறு என்னத்தையோ கேட்கிறான் என்பதை நாம் தெரிந்து கொள்ள வேண்டும். அய்ரோப்பாவில் உபயோகிப்போர் சங்கங்கள் கூச்சல் போட்ட பின், அந்த நாட்டார்களுக்கு மட்டும் அந்த நகல் நிபந்தனையையும் எடுத்து விட்டார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது. நாம் கேட்கவில்லை.

வியாபாரிகளுக்கோ வேறு விலை. ஒரு யந்திரத்துக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்த வருஷம் இரட்டிப்பு, மூன்றாம் வருஷம் மறுபடி இரட்டிப்பு. கந்து வட்டிக்காரர்கள் பார்த்துக் கற்றுக் கொள்ளலாம்.

இனி, ஒட்டுப் போடுவதும் பதிப்பு மாறுவதும் ஒன்றே என்று நினைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது தப்பு. ஒழுகுகிற கூரையில் ஓடு மாற்றுவது ஒன்று; வீட்டையே காலி செய்து கொண்டு வேறு வீட்டுக்குக் குடி போவது மற்றொன்று. ஓடு மாற்றுவதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை, வந்தவுடனே மாற்ற வேண்டும். குடி போவதற்கு முன்தான் யோசிக்க வேண்டும். புது வீட்டில் நமது கட்டில் நுழையுமா, கிணறு உண்டா என்று பார்க்க வேண்டும். முதல் நாளே முண்டியடித்துக் கொண்டு போவதும் புத்திசாலித்தனம் ஆகாது. 2018ம் வருஷம் அக்டோபர் 2ந் தேதி இதே விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய திருத்தப் பதிப்பு வெளியிட்டார்கள். அதைப் போட்டுக் கொண்ட சிலருடைய சொந்தக் கடிதங்களும் படங்களும் அடியோடு அழிந்து போயின. நாலே நாளில் அதை நிறுத்தி வைத்து, சரி செய்து, நவம்பர் 13ந் தேதிதான் மறுபடி விட்டார்கள். அந்த நாலு நாளைக்குள் அவசரப்பட்டவர்களில் வேறு நகல் வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள், வைக்காதவர்கள் அழுதார்கள்.

நகல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆயுத பூஜை அன்று எந்த ஆபீசுக்குப் போனாலும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை, பொரி கடலை. திரையின் நடுவில் மூன்று பட்டை வேறு. வருஷா வருஷம் இந்தப் பூஜையைத் தப்பாமல் செய்கிற ஒரு கணக்கு ஆபீசில் நாம் போய், “நாலு வருஷக் கணக்கும் இதில் ஒன்றிலேயேதான் இருக்கிறதா? வெளியில் நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டோம். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்” என்றார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் மாலைக்குச் செலவழிக்கிற பணத்தைச் சேர்த்து வைத்தால், கணக்கு முழுவதையும் நகல் எடுத்து வைக்கக் கூடிய தட்டு ஒன்று வாங்கி விடலாம். குங்குமத்தைச் சாவித் தட்டில் கொட்டாமலாவது பார்த்துக் கொண்டால் நல்லது. அது சந்துக்குள் போனால் எடுப்பது கஷ்டம்.

அச்சுக்கூடத் தோழர்கள் விஷயம் தனியானது. தமிழ் நாட்டில் பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற பலர் பேஜ்மேக்கர் என்ற சாதனத்தில் கை பழகினவர்கள். அதனுடைய கடைசிப் பதிப்பு 7.0. அது 2001ல் வந்தது. அதற்குப் பிறகு அதைச் செய்த கம்பெனியே அதைக் கை விட்டு விட்டது. அதற்கு யூனிகோடு தெரியாது. பழைய எழுத்துருக்களில் இருபது வருஷமாய்க் கோத்து வைத்த பக்கங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. இவர்களைப் பார்த்து, “நாளைக்கே மாறு” என்று சொல்லுவது அறியாமை. பழைய யந்திரம், பழைய விண்டோஸ், பழைய பேஜ்மேக்கர் மூன்றும் சேர்ந்து ஒரு அச்சு யந்திரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை வைத்துக் கொண்டிருங்கள். ஆனால் அதற்கு இன்டர்நெட் கம்பியைச் செருகாதீர்கள். நீங்கள் அதே பெட்டியில் பக்கமும் கோத்து, மெயிலும் பார்த்து, பாங்கிக் கணக்கையும் திறந்து, சினிமாவும் இறக்கினால், யார் எந்த ஓட்டை வழியாக வந்தான் என்று பின்னால் நம்மைக் கேட்க வேண்டாம். வாடிக்கைக்காரர் கொண்டு வருகிற பென் டிரைவையும் நேரே அதில் செருகாமல், வேறொரு யந்திரத்தில் சோதித்து விட்டுச் செருக வேண்டும்.

மாறுவதே கெடுதல் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துக் கொள்ளக் கூடாது. மாறினதால் தமிழுக்கு வந்த லாபத்தை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் தமிழ்க் கம்ப்யூட்டர் எழுத்து ஊருக்கு ஒரு தினுசாக இருந்தது. பாமினி என்று ஒன்று, டாம் என்று ஒன்று, டாப் என்று ஒன்று, திஸ்கி என்று ஒன்று. சென்னையில் அடித்த கடிதத்தை மதுரையில் திறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டமும் கொக்கியும் தெரியும். ஜாதிக்கொரு சுடுகாடு போல எழுத்துருவுக்கொரு தமிழ்! யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991லேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், மைக்ரோசாப்ட் கம்பெனியின் பதிப்புகளில் அது சரியாகத் தெரிய ஆரம்பித்தது விண்டோஸ் 2000 வந்த பிறகுதான். விண்டோஸ் 98லேயே உட்கார்ந்து கொண்டு “இருக்கிறதே போதும்” என்று சொன்னவர்களுக்குப் பொதுத் தமிழ் எட்டாமலே இருந்தது. தமிழ் நாட்டு அரசாங்கம் யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டது 2010ல். அந்த மாற்றத்தில் மாறினவர்கள் கெட்டிக்காரர்கள். ஏன் கெட்டிக்காரர்கள் என்றால், மாறினால் என்ன கிடைக்கும் என்று அவர்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தது. இன்று பதினொன்றுக்கு மாற வேண்டும் என்பவர்களை அதே கேள்வி கேட்டுப் பாருங்கள். “ஒட்டு தொடர்ந்து வரும்” என்று சொல்லுகிறவருக்குக் காரணம் இருக்கிறது. அவருடைய யந்திரமும் விதிக்கு உட்பட்டதானால் தாராளமாய் மாறட்டும், அவருக்குச் செலவும் இல்லை. “அழகாக இருக்கிறது”, “எல்லோரும் மாறி விட்டார்கள்” என்று சொல்லுகிறவர் தீபாவளிக்குக் கடன் வாங்கிப் பட்டு எடுக்கிறவர் ஆவார்.

விதிக்கு உட்படாத யந்திரக்காரருக்கு வேறு வழி இல்லையா என்றால், உண்டு. லினக்ஸ் என்பதை நம்மவர்கள் பலர் பெயர் மட்டும் கேட்டிருப்பார்கள். பின்லாந்து தேசத்தில் லினஸ் தோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991ல் ஆரம்பித்தது. இப்போது உலகத்தின் பல பாகத்தார் சேர்ந்து வளர்க்கிறார்கள். விலை கிடையாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். வேதத்தைக் கேட்டால் காதில் ஈயம் காய்ச்சி ஊற்று என்ற சங்கதி அங்கே இல்லை. நமது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு கூட பாஸ் என்ற லினக்சும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது சென்னையில் சி-டாக் என்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தில் உண்டாக்கப்பட்டது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தும், திறந்து பார்த்த வீடுகள் மிகச் சிலவாகத்தான் இருக்கும். அதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டோம். கற்றுக் கொடுக்க ஆளில்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

அதற்காக லினக்ஸ்காரர்களுடைய பஜனையிலும் நாம் சேர மாட்டோம். “எல்லா நோய்க்கும் இதுவே மருந்து” என்று யார் சொன்னாலும் சந்தேகப்பட வேண்டியதுதான். ஜெர்மனியில் மியூனிக் நகரசபையார் 2003ல் விண்டோஸை விட்டு லினக்சுக்குப் போவதென்று முடிவு செய்து, பத்து வருஷம் பாடுபட்டு, சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். 2017ல் அதே நகரசபையார் திரும்பவும் விண்டோஸுக்கே போவதென்று ஓட்டுப் போட்டார்கள். அதற்கு அரசியல் காரணம் என்று ஒரு சாராரும், சிப்பந்திகள் பட்ட கஷ்டமே காரணம் என்று ஒரு சாராரும் சொல்லுகிறார்கள். நம் நாட்டிலேயே கேரளத்துச் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வருஷக்கணக்காய் லினக்சில்தான் படிக்கிறார்கள். அங்கே யந்திரத்தோடு கூட ஆசிரியருக்குப் பயிற்சியும், பாடப் புஸ்தகமும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இனி அந்தத் தையல்காரத் தோழரின் பெண்ணுடைய சங்கதிக்கு வருகிறோம். நாம் அவரைக் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, இந்தப் பெட்டியில் நீ என்ன வேலை செய்கிறாய்?” என்பது. கடைக்காரர் இதைக் கேட்கவேயில்லை. டாலி என்ற கணக்குப் புரோகிராம் பழக வேண்டும், காலேஜுக்குக் கட்டுரை எழுத வேண்டும், அப்பாவுக்கு வருகிற பணத்தைப் பாங்கியில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். யந்திரத்தைப் பார்த்தோம், மூளை பழைய தலைமுறை, பதினொன்றுக்கு இடமில்லை. டாலியோ விண்டோஸுக்கு என்று எழுதப்பட்டது. ஆகவே லினக்ஸை மட்டும் போட்டுக் கொடுத்து விட்டால் நமக்குத் திருப்தியாக இருக்கும்; அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை போய் விடும். பரீட்சை 2026 ஏப்ரலில் முடிகிறது என்றும் சொன்னார்.

முதலில் அவருடைய பாடங்கள், படங்கள் எல்லாவற்றையும் வெளியில் ஒரு நகல் எடுத்தோம். பிறகு விண்டோஸ் 10ஐ அப்படியே வைத்து, காசில்லாத வழியில் அந்த ஒரு வருஷத்து ஒட்டுக்குப் பதிவு செய்தோம். கணக்கு திறப்பதற்காக மட்டும் வேறொரு மெயில் முகவரி உண்டாக்கிக் கொண்டார். அதே பெட்டியில் பக்கத்திலேயே இலேசான லினக்ஸ் ஒன்றையும் போட்டோம். யந்திரத்தைத் திறக்கும் போது இரண்டில் எது வேண்டும் என்று அது கேட்கும். டாலிக்கு விண்டோஸ், பாங்கிக்கும் மெயிலுக்கும் கட்டுரைக்கும் லினக்ஸ் என்று பிரித்துக் கொண்டார். வீட்டிலிருந்த பழைய பிரிண்டர் மட்டும் லினக்சில் மூன்று நாள் வரையில் மக்கர் பண்ணிற்று. அந்தப் பெண்ணே இரவில் உட்கார்ந்து தேடிப் படித்து நாலாம் நாள் ஓட வைத்து விட்டார். நமக்கு அது தெரிந்திருக்கவில்லை.

சாவித் தட்டை வேறொரு கடையில் 650 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார்கள்.